கூட்டாமல் விட்ட வீடு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
05.01.2025

அன்புள்ள தம்பி றுவைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நான் சுகம். வீடுதான் அரைச் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்.

போன் இருக்கும்போது ராத்தா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். கார்த்திகைக் காற்றில் கூரை போன மறுநாள் நாம் இருவரும் போனில் போட்ட சத்தம் ஒழுங்கையின் அந்தத் தொங்கல்வரை கேட்டிருக்கிறது. ஜவாஹிர் காக்கா வீட்டு நஸ்ரியா சாவு வீடு என்று நினைத்து ஓடி வந்து, "ராத்தா, ஆரும் மௌத்தா?" என்று கேட்டாள். வாயைத் திறந்தால் நாம் இரண்டு பேரும் வாப்பாவின் பிள்ளைகள்தான். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடுகிறது. உனக்கும் ஆறும். அதனால் இனிக் கடிதம்தான், நீ போன் எடுத்தாலும் நான் தூக்கமாட்டேன்.

மேல்மாடியின் பின்பக்கக் கூரை முழுவதும் போனது உனக்குத் தெரியும். நம் வீட்டில் போர்டிங் தங்கிப் படித்த ஆறு பிள்ளைகளையும் அடுத்த நாளே புல்மோட்டைக்கும் மூதூருக்கும் அனுப்பிவிட்டேன். நீ மாடி கட்டக் கடன் எடுத்தபோது வங்கி கட்டாயப்படுத்திப் போடவைத்த காப்புறுதி இப்போதாவது உதவட்டும் என்று கம்பனிக்கு அறிவித்தேன். பதினோராம் நாள் அவர்களுடைய ஆள் வந்து பார்த்தார். நல்ல மனிதர். "உங்கட வீடு நல்ல துப்புரவு" என்று இரண்டு தரம் சொன்னார். சோறும் வட்டிலப்பமும் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ஆனால் இப்போது வந்திருக்கும் கடிதத்தில் எட்டுக் கூரைச் சீற்றுக்கும் அதை அடிக்கிற கூலிக்கும்தான் தருவார்களாம். உள்ளே சேதம் ஒன்றும் இல்லையாம். எட்டுச் சீற்றில் கூரை எழும்புமா? பொலிசி உன் பெயரில் இருப்பதால் உனக்கும் அனுப்பியிருப்பார்கள். பார்த்து எழுது.

உன் நலத்துக்கு ஐந்து நேரமும் துஆச் செய்யும்,
ராத்தா பஹ்மியா


கம்பனி விடுதி,
மஸ்கட்.
20.01.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நல்ல சுகம், வேலையும் வழக்கம்போலப் போகிறது. இடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது என்னோடு சமாதானமாகிவிட்டது.

கம்பனிக் கடிதம் எனக்கும் வந்தது. தருவதை வாங்கிக்கொள்வதுதான் புத்தி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மூலப்பிரதிதான் வேண்டுமாம்.

அதன் பிறகு விற்றுவிடுவோம். துறைமுகம் தெரிகிற காணி என்று ஹோட்டல் கட்டுகிறவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் பங்கில் கிண்ணியாவில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம். நீங்களும் எத்தனை நாளைக்கு ஊரார் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது? உங்களுக்கு அது வீடு, எனக்கு அது பன்னிரண்டு வருட வெயில். கோபிக்க வேண்டாம், ஆறப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

மழைக்கு மேல்மாடிக்கு ஏறாதீர்கள், வழுக்கும். படிவம் கவனம்.

என்றும் உங்கள் தம்பி,
றுவைஸ்


திருகோணமலை.
06.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. நீ நல்ல சுகம் என்று படித்ததில் மனம் குளிர்ந்தது. எனக்குத் தடிமன் வந்து போய்விட்டது, கொத்தமல்லி குடித்தேன்.

நேற்று போர்டிங் பிள்ளை ஷிஃபானா புல்மோட்டையிலிருந்து போன் எடுத்தாள். "உம்மா, செப்டெம்பர்ல புதுத் தவணை. எங்கட கட்டில் அங்கதானே?" என்று கேட்கிறாள். தாய் தகப்பன் வேறு எந்தப் போர்டிங்குக்கும் விடமாட்டார்களாம். உன் மச்சான் மௌத்தான பிறகு இந்தப் பிள்ளைகளின் சத்தத்தில்தான் நான் எழும்பி நின்றேன், தம்பி. நான் சமைத்துப் போடுகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். என்னைச் சாப்பிட வைத்தது அவர்கள்.

இன்னொரு செய்தி. கடற்கரைப் பக்கம் கதிரவேல் அண்ணனின் வலைக் கொட்டில் போன வருடம் எரிந்தது நினைவிருக்கிறதா? அவருக்குக் கம்பனி முதலில் கையை விரித்துவிட்டது. பிறகு உப்புவெளியிலிருந்து புஷ்பவதி மிஸ் என்று ஒருவர் வந்து எல்லாவற்றையும் அளந்து எழுதி, முழுக் கொட்டிலுக்கும் வாங்கிக் கொடுத்தாவாம். முப்பத்தொரு வருடம் காப்புறுதிக் கம்பனியில் சேதம் மதிப்பிட்டவ. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்காரர் பக்கம் நின்று மதிப்பிடுகிறா. கம்பனிக்கு ஒரு மதிப்பீட்டாளர் இருந்தால் நமக்கும் ஒருவர் இருக்கக்கூடாதா என்பது அவவின் கேள்வி. கூலியும் நியாயம். கம்பனி முதலில் சொன்னதற்கு மேலே வாங்கித் தருவதில்தான் பத்தில் ஒரு பங்கு. மேலே வராவிட்டால் ஒன்றும் இல்லை.

யோசித்து எழுது. வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடிக்காதே.

அன்பு மறவாத,
ராத்தா


கம்பனி விடுதி,
மஸ்கட்.
21.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். தடிமன் சுகமானதில் சந்தோசம். நான் சுகம்.

படிவம் கொடுத்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த மிஸ் வேண்டாம். கம்பனியில் இருந்தவர் கம்பனிக்கு எதிராக எழுதுகிறார் என்றால், நாளைக்கு நமக்கு எதிராகவும் எழுதுவார். நான் இங்கே இரும்புக் கூரை போடுகிற கொன்ட்ராக்ட்களில் இப்படி இடையில் நிற்கிற ஆட்களை நிறையப் பார்த்தவன். இழுத்தடித்தால் எட்டுச் சீற்றும் கிடைக்காது, கையில் வந்ததைத் தட்டிவிட்ட கதையாகப் போய்விடும்.

ஹோட்டல்காரருக்கு நோன்புக்குப் பிறகு பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். படிவத்தைக் கொடுத்ததும் எழுதுங்கள்.

நோன்புக்கு உடம்பைத் தயார்படுத்துங்கள். உங்கள் துஆவில் என்னையும் சேருங்கள்.

தம்பி,
றுவைஸ்


திருகோணமலை.
14.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதின்மூன்றாவது நோன்பு இன்று. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கஞ்சி அடுப்பில் கொதிக்க எழுதுகிறேன். உன் நோன்பு எப்படிப் போகிறது? ஸஹருக்கு யார் சமைக்கிறார்கள்? வருடா வருடம் நோன்புக்கு முன் யார் கையிலாவது ஈச்சம்பழம் அனுப்புவாய். இந்த வருடம் வரவில்லை. ஆள் கிடைக்கவில்லை போல. அதற்காகக் கவலைப்படாதே, இங்கே கடையில் இருக்கிறது.

புஷ்பவதி மிஸ் வந்து பார்த்துவிட்டுப் போனா. வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய்தான். பார்ப்பதில் என்ன என்று கூப்பிட்டேன். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே மாடிக்கு ஏறிவிட்டா. முதல் வந்த ஐயா குசினிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. இவ குசினி முகடு, குளியலறை, சுவரோடு சேர்த்த அலுமாரி ஒன்றையும் விடவில்லை. என்னிடம் இரண்டு கேள்வி கேட்டா. அவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

ஆனால், "பொலிசி ஆற்ற பேரில? அவற்ற எழுத்து இல்லாமல் நான் ஒரு ஆணியையும் தொடமாட்டன்" என்று சொல்லிவிட்டா. உன் சார்பில் அவ கம்பனியோடு பேசலாம் என்று நீ ஒரு கடிதம் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். ஒரு பக்கம்தான். என்ன எழுத வேண்டும் என்று அவ எழுதித் தந்ததை இதோடு வைத்திருக்கிறேன்.

கெஞ்சிக் கேட்கிறேன், தம்பி. இந்த வீட்டை விற்றால் நான் கிண்ணியாவில் ஒரு வீட்டில் இருப்பேன்தான். ஆனால் சும்மா இருப்பேன்.

பாங்கு சொல்லப் போகிறார்கள், கஞ்சியை இறக்க வேண்டும்.

உன் ராத்தா


இலக்கம் 12, ஹம்ரியா,
மஸ்கட்.
03.04.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஈத் முபாரக். பெருநாள் நல்லபடி முடிந்திருக்கும்.

படிவம் அனுப்பிய பிறகு இரண்டு கடிதம் வந்தது, இரண்டிலும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கம்பனிக்கு ஈமெயில் போட்டுக் கேட்டேன். படிவம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்கிறார்கள். தபாலில் தொலைந்ததா, நீங்கள் தொலைத்ததா? உண்மையை எழுதுங்கள்.

வேறு விசேஷம் இல்லை. சுகம்.

றுவைஸ்


திருகோணமலை.
19.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வேறு விசேஷம் இல்லை என்று எழுதிய தம்பிக்கு, நிறைய விசேஷம் வைத்திருக்கிற ராத்தா எழுதிக்கொள்வது.

படிவம் தொலையவில்லை. அலுமாரியில், உம்மாவின் தொழுகைச் சால்வைக்கு அடியில் இருக்கிறது. ஜனவரி கடைசியிலிருந்து அங்கேதான். இரண்டு தரம் எடுத்து, கம்பனி வாசல்வரை கொண்டுபோய், திரும்பிக் கொண்டுவந்து வைத்தேன். உன் கையெழுத்தை உனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்தது பெரிய பிழை. நோன்பு பிடித்துக்கொண்டு மறைத்தேன், அது இன்னும் பெரிய பிழை. மன்னித்துக்கொள்.

இரண்டாவது பிழையை எழுதத்தான் எனக்கு அதிக வெட்கம். மிஸ் கேட்ட இரண்டு கேள்வியையும் இப்போது சொல்கிறேன். மாடியில் நின்று சுற்றிவர மூக்கை உறிஞ்சி, "இதுக்கு எப்ப வெள்ளையடிச்சனீங்கள்?" என்று கேட்டா. கம்பனி ஆள் வருவதற்கு முந்திய நாள் என்றேன். அதற்கு அவ, "பஹ்மியா, நீங்கள் வீட்டைக் காப்புறுதிக்காரனுக்குக் காட்டினனீங்களோ, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினனீங்களோ?" என்றா.

நான் என்ன செய்வேன்? அந்நிய மனிதர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். நனைந்த பலகையும் சேறுமாக வீட்டை விட்டால் நம் உம்மா கப்றுக்குள்ளிருந்து எழும்பி வந்து திட்டமாட்டாவா? ஒழுங்கையில் கூரை வேலை தெரிந்த பக்கீர் காக்காவைப் பிடித்து, பழைய சீற் வாங்கி, உடைந்த கூரைக் கைமரங்களுக்கு மேலேயே கம்பியால் கட்டுவித்தேன். ஊறித் தொங்கிய சீலிங் பலகை, அலுமாரிக் கதவு, முறிந்த மரம் எல்லாவற்றையும் ஒழுங்கையில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். சுவரில் மேலிருந்து இடுப்புயரம்வரை தண்ணீர் வடிந்த கறை, அதற்கு இரண்டு பூச்சு வெள்ளை. வந்தவர் கீழே நின்று பார்த்தார், கூரை இருந்தது, சுவர் வெள்ளையாக இருந்தது. சேதம் இல்லை என்று அவர் எழுதியதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. நான்தான் சேதத்தைத் துடைத்து வைத்துவிட்டு வட்டிலப்பம் கொடுத்தேன்.

மிஸ் சாவியை எடுத்து அறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்குச் சுரண்டினா. வெள்ளைக்கு அடியில் பழுப்புக் கறை அப்படியே இருந்தது. "மிச்சத்தையும் கண்டுபிடிக்கலாம். கடிதம் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனா.

என் குப்பையை எல்லாம் கொட்டிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். உறையில் விலாசம் ஏன் மாறியிருக்கிறது? ஹம்ரியாவில் இருப்பது உன் கூட்டாளி பாஹிமின் அறை, அவன் உம்மா எனக்குச் சொல்லியிருக்கிறா. பன்னிரண்டு வருடம் கம்பனி விடுதியில் இருந்தவன் ஏன் அங்கே போனாய்? ஈச்சம்பழம் வராதபோதே எனக்கு நெஞ்சில் ஒன்று தட்டியது. நீ எழுதுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டுவதானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் ராத்தா


ஹம்ரியா,
மஸ்கட்.
08.06.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நேற்று முன்தினம் இங்கே முடிந்தது. உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டும் கோபத்தில், பிறகு கிழித்தது வெட்கத்தில்.

எனக்கு வேலை இல்லை, ராத்தா. இங்கே கம்பனி டிசெம்பரிலேயே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. நம் கூரை போய் மூன்று கிழமையில். பெப்ரவரி முடியும்வரை விடுதியில் இருக்க விட்டார்கள். பிறகு பாஹிம் கூப்பிட்டான். கிடைக்கிற நாளில் கூலி வேலைக்குப் போகிறேன். இடுப்பு வலி சமாதானமாகவில்லை, அதுவும் என்னோடு இந்த அறைக்குக் குடிவந்துவிட்டது.

விற்கச் சொன்னது அதனால்தான். பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்து உங்கள் வாசலில் நிற்பதா என்று நினைத்தேன். வீட்டை விற்றால் என் கையில் ஏதோ இருக்கும், ஒரு கடை போட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் உங்களைச் சேர்க்கவில்லை. நீங்கள் என் கையெழுத்தை மறைத்தீர்கள், நான் என்னையே மறைத்தேன். யார் யாரைத் திட்டுவது?

வெள்ளையடித்த கதையைப் பாஹிமுக்கு வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் என்ற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். டிசெம்பருக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மிஸ்ஸுக்கான கடிதம் கையெழுத்தோடு உள்ளே இருக்கிறது. படிவத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். ஹோட்டல்காரருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு ஆலோசனை. கைமரம் முறிந்த இடத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பழுதாகி முறிந்தால் முறிவு கறுத்திருக்கும், காற்றில் முறிந்தால் சிலும்பு சிலும்பாக வெள்ளையாக நிற்கும். அந்த மரத்தை நான் பார்த்துப் பார்த்து வாங்கினேன், பழுதாகியிருக்காது.

உங்கள் தம்பி,
றுவைஸ்


திருகோணமலை.
06.07.2025

என் தங்கமான தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குசினியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நீ மூன்று நேரமும் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் உண்மையாக எழுது, மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

இப்போது கதையைக் கேள். உன் கடிதத்தை மிஸ்ஸிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "சரி, நீங்கள் குடுத்த சாமான் எல்லாம் ஆற்ற வீட்டில இருக்குதெண்டு சொல்லுங்கோ" என்றா. கொடுத்த பொருளைத் தேடி வீடு வீடாகப் போவதா? "ஏலாது மிஸ், மானம் போயிடும்" என்றேன். "மானத்தோட இருங்கோ, கூரை இல்லாமல்" என்று ஸ்கூட்டியைத் திருப்பப் போனா. சீலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

முதல் வீடு ஜவாஹிர் காக்கா வீடு. நம் சீலிங் பலகை நாலும் அங்கே கோழிக்கூடாக நிற்கிறது. நஸ்ரியா என்னையும் அளவு நாடாவையும் பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள். "என்ன ராத்தா, குடுத்ததத் திருப்பி எடுக்க வந்தீங்களா? கோழி அடையில கிடக்குது." எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. வேறு வழியில்லாமல் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அல்லாஹ்வே, வெள்ளையுமா அடிச்சீங்க!" பிறகு அவளே கூட்டின் கதவைத் திறந்துவிட்டாள். மிஸ் குந்தியிருந்து பலகையின் உட்பக்கத்தைப் படம் எடுத்தா. தண்ணீர் ஊறிப் பொருமிய இடமும் நம் ஆணித் துளைகளும் அப்படியே இருந்தன. அடைக்கோழி மிஸ்ஸின் கையில் இரண்டு கொத்துக் கொத்தியது.

அதற்குப் பிறகு நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. நஸ்ரியா முன்னால் போய் எல்லா வீட்டிலும் கதையைச் சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டே எல்லாரும் கொண்டுவந்து காட்டினார்கள். முறிந்த கைமரம் பக்கீர் காக்காவின் முருங்கைக்கு முட்டுக் கொடுத்தபடி நின்றது. நீ சொன்ன மாதிரியே முறிவு சிலும்பு சிலும்பாக இருந்தது. மிஸ் உன் கடிதத்தை அந்த முறிவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "தம்பிக்கு வேலை தெரியும்" என்றா. உடைந்த சீற் துண்டுகளை ஊருக்குள் திரிகிற மான் உள்ளே வராமல் வேலியில் விழுந்த பொட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மிஸ் படம் எடுக்கும்போது ஒரு மான் வந்து அந்தப் பொட்டு வழியாகவே தலையை நீட்டியது. அந்தப் படமும் கோப்பில் போயிருக்கிறது.

கடைசியாகக் கடற்கரையில் கதிரவேல் அண்ணன். அலுமாரிக் கதவில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நம் கதவுதான் என்பதற்கு என்ன சாட்சி என்று மிஸ் கேட்டா. அவர் கதவைக் கடலில் கழுவித் திருப்பிக் காட்டினார். உட்பக்கத்தில் நம் பிள்ளைகள் ஒட்டிய பெயர்த் துண்டு இருந்தது. ஷிஃபானா, கட்டில் இலக்கம் மூன்று. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

பதினொரு வீட்டார் கையெழுத்து வைத்தார்கள். நாற்பத்து மூன்று படம். மெத்தைகளை மட்டும் மிஸ் சேர்க்கவில்லை. பொலிசி கட்டிடத்துக்கு மட்டும்தானாம், அதைப் போட்டால் மற்றதன் பெறுமதியும் குறையுமாம். நான் இரண்டு மெத்தையாவது போடச் சொல்லிப் பார்த்தேன், முறைத்தா.

போன செவ்வாய் கம்பனி வேறொரு ஆளை அனுப்பியது. முந்திய நாள் மிஸ் வந்து கட்டளை போட்டா. "ஒரு ஈர்க்கும் எடுக்கக் கூடாது. கட்டின சீற்றைக் கழற்றுங்கோ." என் கையை நம்ப முடியாமல் தும்புத்தடி, விளக்குமாறு எல்லாவற்றையும் நஸ்ரியா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். வந்தவர் மாடியில் நின்று வானத்தைப் பார்த்தார். மான் படத்தைப் பார்த்து, "இதுக்கும் சேர்த்தா கேக்கிறீங்கள்?" என்று மிஸ்ஸிடம் கேட்டார். இரண்டு மணித்தியாலம் எழுதினார். தேத்தண்ணி மட்டும் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை, தம்பி.

இனி அவர்கள் பதில்தான். எனக்கு மனதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

ராத்தா


ஹம்ரியா,
மஸ்கட்.
01.08.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மூன்று நேரமும் சாப்பிடுகிறேன். பாஹிமின் உம்மா மாதிரித்தான் பாஹிமும், தட்டை வழிக்காமல் எழும்ப விடமாட்டான்.

கம்பனியின் பதில் நேற்று எனக்கு ஈமெயிலில் வந்தது. மிஸ்ஸுக்கும் போயிருக்கும், இந்தக் கடிதம் வருவதற்குள் அவ உங்களுக்குச் சொல்லியிருப்பா. இருந்தாலும் என் கையால் எழுத ஆசை. பின்பக்கக் கூரை முழுவதும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ராத்தா. கைமரம், சீலிங், வயரிங், சுவரோடு சேர்த்த அலுமாரி இரண்டு. குசினி முகட்டில் அரைவாசிதான், மற்றப் பாதி பழைய ஒழுக்காம். அது உண்மைதான், நான் கட்டும்போது விட்ட ஒழுக்கு. நீங்கள் அடித்த வெள்ளைக்கும் திருப்பி அடிக்கக் காசு தருகிறார்களாம்! பாஹிம் இதைக் கேட்டுக் கட்டிலிலிருந்து விழப் பார்த்தான்.

மிஸ்ஸின் பங்கை மனதாரக் கொடுங்கள். அவவைப் பற்றி நான் எழுதியதைக் காட்டியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி என் கதை. செப்டெம்பருக்குள் கூரை எழும்ப வேண்டும் என்றால் மேசன் பிடித்து, மரவேலைப் பாஸ் பிடித்து ஆகாது. பன்னிரண்டு வருடம் நான் ஊரான் தலைக்கு மேல் கூரை போட்டேன். என் ராத்தாவின் தலைக்கு மேல் போட ஆள் தேடுவதா? இருபத்திரண்டாம் திகதி டிக்கட். இரும்புச் சட்டத்தில் போடுகிறேன், அடுத்த கார்த்திகைக்கு ஒரு சீற்றும் அசையாது. இடுப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம், ஏறுகிற வேலைக்குப் பக்கீர் காக்கா இருக்கிறார், நான் கீழே நின்று சத்தம் போடுவேன்.

கையில் ஒன்றும் கொண்டுவர முடியாது. அதுதான் ஒரு மாதிரியாக இருக்கிறது. பாஹிமிடம் கொஞ்சம் கைமாற்று வாங்கி ஒரு பெட்டியாவது நிரப்பிக்கொண்டு வரலாமா என்று யோசிக்கிறேன். ஒழுங்கையில் பார்ப்பார்கள்தானே.

வருகிற,
றுவைஸ்


திருகோணமலை.
12.08.2025

என் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ புறப்படுவதற்குள் இது கையில் கிடைக்க வேண்டும் என்று விசேஷத் தபாலில் போடுகிறேன். நான் நல்ல சுகம், இந்த வருடத்தில் முதல் தடவையாக உண்மையாகவே எழுதுகிறேன்.

மிஸ் நேற்று வந்தா. நீ வருவதைச் சொன்னதும் தன் அளவு நாடாவைத் தந்துவிட்டுப் போனா. "தம்பியிட்டக் குடுங்கோ. கூரை போட்டு முடிய எனக்கு ஒருக்கா வட்டிலப்பம் தந்தால் காணும்" என்றா. நீ அவவைப் பற்றி எழுதியதை நான் காட்டவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். சிரித்தா. ஷிஃபானாவுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். கட்டில் இலக்கம் மூன்று அவளுக்குத்தான்.

பெட்டியைப் பற்றிக் கேட்டாயே. பாஹிமிடம் ஒரு சதம் வாங்கினால் நான் உன்னோடு மறுபடியும் போனில்தான் பேசுவேன். வெறும் பெட்டியோடு வா. பெட்டியே இல்லாமல் என்றாலும் வா. ஒழுங்கையில் யார் பார்த்தால் என்ன, என் மானத்தைக் கோழிக்கூட்டுக்குள்ளேயே பார்த்துவிட்ட ஆட்கள் அவர்கள்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நீ வருகிற அன்றைக்கு வீட்டைக் கூட்டமாட்டேன். மாடியில் காய்ந்த இலை கிடக்கும், சுரண்டிய சுவர் அப்படியே இருக்கும், குசினியில் முதல் நாள் கழுவாத சட்டியும் இருக்கும். பயந்துவிடாதே. ஆள் வருகிறார் என்றால் நான் கூட்டிக் கழுவி வெள்ளையடிப்பேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. ஆனால் நீ ஆள் இல்லை. இது உன் வீடு. உன் வீட்டுக்கு நீ வருகிறாய்.

விளக்குமாறு எல்லாவற்றையும் இன்றைக்கே நஸ்ரியாவிடம் கொடுத்துவிட்டேன்.

வாசலில் நிற்கும்,
ராத்தா